வியாபாரி என்றால் சட்டம் வேறு: அமெரிக்க வணிகச் சட்டத்தில் சில அடிப்படைகள்

நம் அண்ணன் பேரன் அமெரிக்காவில் வணிகம் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் வணிகச் சட்டப் பாடப் புத்தகத்தையும் கையோடு கொண்டு வந்திருந்தான். மாலையில் மண்டி ஓய்ந்த பிறகு கணக்கு மேசை பக்கத்தில் உட்கார்ந்து, பாடம் பாடமாக நமக்குத் தமிழில் சொன்னான். பள்ளிப் படிப்போடு நின்ற நமக்கு அது புரியுமா என்று தயங்கினோம். ஆனால் பாதிப் புத்தகம் நம் கல்லாவில் தினமும் நடப்பதைப் பற்றியே இருந்தது. அதில் நம் மனதில் பதிந்ததை வணிக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரே வரியில் சொன்னால் விஷயம் இதுதான்: அந்த நாட்டுச் சட்டம் வியாபாரியைச் சாதாரண மனிதரோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. தொழில் தெரிந்தவர் என்பதற்காகவே அவர் மீது கூடுதல் பொறுப்பை ஏற்றுகிறது.

யார் வியாபாரி?

அமெரிக்காவில் விற்பனை, ஒப்பந்தம் போன்றவை பெரும்பாலும் மாநிலங்களின் சட்டத்துக்கு உட்பட்டவை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறினால் வியாபாரம் எப்படி நடக்கும்? இந்தச் சிக்கலைத் தீர்க்க, சட்ட அறிஞர்கள் கூடி 'யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட்' என்ற பொது வணிகச் சட்டத் தொகுப்பை உருவாக்கி 1952இல் வெளியிட்டார்கள். முதலில் அதை ஏற்றது பென்சில்வேனியா மாநிலம், ஆண்டு 1953. பிறகு மற்றவை ஒவ்வொன்றாக ஏற்றன. சரக்கு விற்பனை பற்றிய பகுதியை இன்று லூசியானா தவிர மற்ற 49 மாநிலங்களும் ஏற்றுள்ளன.

இந்தத் தொகுப்பை வகுத்தவர்களில் முதன்மையானவர் கார்ல் லெவலின் என்ற சட்டப் பேராசிரியர். வியாபாரிகள் நடைமுறையில் எப்படி நடந்துகொள்கிறார்களோ அதைப் பார்த்தே வியாபாரச் சட்டம் அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே, இரு தரப்பும் முன்பு நடந்துகொண்ட முறையும், அந்தத் தொழிலின் வழக்கமும் ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள உதவும் சான்றுகளாகச் சட்டத்திலேயே இடம் பெற்றன.

ஒரு வகைச் சரக்கைத் தொழிலாக விற்பவர், அல்லது அந்தச் சரக்கைப் பற்றிய தனி அறிவு உள்ளவராகத் தம்மைக் காட்டிக்கொள்பவர் வியாபாரி. பழைய சைக்கிளை ஒரு முறை விற்கும் வீட்டுக்காரர் வியாபாரி அல்ல. விளைந்ததை விற்கும் விவசாயி? அங்கேயும் இதில் ஒரே கருத்து இல்லை. சோயா மொச்சை விற்பனை பற்றிய ஒரு வழக்கில் 1965இல் ஆர்கன்சா மாநில உச்ச நீதிமன்றம் விவசாயி வியாபாரி அல்ல என்றது. அதே சரக்கைப் பற்றிய இன்னொரு வழக்கில் 1975இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம், ஆண்டுக்கணக்கில் தானியம் விற்றுப் பழகிய விவசாயியை வியாபாரியாகக் கொள்ளலாம் என்றது. இந்த ஒரு சொல்லுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனதற்குக் காரணம் அடுத்து வரும் விதி.

பத்து நாள் மௌனம்

சரக்கின் மதிப்பு 500 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் எழுத்து வேண்டும். எவர் மீது வழக்குப் போடுகிறோமோ அவர் கையெழுத்திட்ட காகிதம் இருந்தால்தான் பொதுவாக நீதிமன்றம் ஏற்கும். சரக்கை வாங்கி ஏற்றுக்கொண்டிருந்தாலோ, பணம் கொடுத்திருந்தாலோ அந்த அளவுக்கு விலக்கு உண்டு.

இரு தரப்பும் வியாபாரிகள் என்றால் கதை மாறுகிறது. டெலிபோனில் பேரம் முடிகிறது. ஒருவர் அதை உறுதிசெய்து மற்றவருக்கு உடனே கடிதம் அனுப்புகிறார். பெற்றவர், அது கிடைத்த பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுக்கவில்லை என்றால், 'என் கையெழுத்து எங்கே?' என்று அவர் பிறகு கேட்க முடியாது. கடிதம் அனுப்பியவர் பேரம் நடந்ததை இன்னும் நிரூபித்தாக வேண்டும். ஆனாலும் நீதிமன்றக் கதவு அவருக்குத் திறந்துவிடுகிறது.

இதைக் கேட்டதும் நமக்குச் சுரீர் என்றது. பல ஆண்டுகளுக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் டெலிபோனில் 100 மூட்டை துவரம் பருப்புக்கு விலை பேசினோம். மூன்றாம் நாள் அவரிடமிருந்து தபால் அட்டை வந்தது. அதில் 150 மூட்டை என்று இருந்தது. 'நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம்' என்று அதைக் கம்பியில் குத்திவிட்டு வேலையைப் பார்த்தோம். அடுத்த வாரம் விலை ஏறியது. அவர் 150 மூட்டையும் பேசிய விலைக்கே வேண்டும் என்றார். 'தவறு என்றால் அன்றே ஒரு வரி எழுதியிருக்கலாமே' என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கூடுதல் 50 மூட்டையின் விலை வித்தியாசத்தில் பாதியை நாம் ஏற்றோம். பணம் போனது பெரிதல்ல. பதினைந்து ஆண்டு உறவு அதோடு முடிந்தது. அன்று அவரைத்தான் குறை சொன்னோம். இன்று யோசித்தால், அட்டையைக் குத்திய கை நம்முடையதுதானே!

நம் நாட்டில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. ஆனாலும் வந்த காகிதத்துக்குப் பதில் எழுதும் பழக்கம் எந்தச் சட்டத்திலும் நஷ்டம் தராது.

சொன்ன விலை

'இந்த விலை மாதக் கடைசி வரை நிற்கும்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, நடுவில் மாற்றலாமா? அமெரிக்காவில் சாதாரண மனிதர், முன்பணம் எதுவும் வாங்காதவரை, எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்வதற்கு முன் பொதுவாகத் தம் சொல்லைத் திரும்பப் பெறலாம். வியாபாரி அப்படிச் செய்ய முடியாது. அட்வான்ஸ் வாங்காவிட்டாலும், சொன்ன காலம் வரை அவர் அந்த விலைக்குக் கட்டுப்பட்டவர். இதற்கு உச்ச வரம்பு மூன்று மாதம்.

தரத்திலும் அப்படியே. வியாபாரி தம் தொழில் சரக்கை விற்றால், அது வழக்கமான உபயோகத்துக்கு ஏற்றதாக இருக்கும் என்ற உறுதி பில்லில் எழுதாமலே அதோடு போகிறது. அந்தப் பொறுப்பு வேண்டாம் என்றால், வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்லியாக வேண்டும்.

கோழி என்றால் எந்தக் கோழி?

பேரன் சொன்ன வழக்குகளில் நாம் மிகவும் ரசித்தது இது. 1957இல் ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்று நியூயார்க் நிறுவனம் ஒன்றிடம் உறையவைத்த கோழி வாங்கியது. சரக்கு போய்ச் சேர்ந்தபோது, பெரிய ரகத்தில் முற்றிய கோழிகள் இருந்தன. வாங்கியவர், 'கோழி என்றால் தொழிலில் பொரிக்கத் தகுந்த இளங்கோழிதான்' என்றார். விற்றவர், 'கோழி என்றுதான் எழுதியிருக்கிறது. நான் இத்தொழிலுக்குப் புதியவன்' என்றார்.

1960இல் தீர்ப்புச் சொன்னவர் நீதிபதி ஹென்றி ஃப்ரெண்ட்லி. தொழிலில் உள்ளவர்களின் சாட்சியத்தையும் அரசின் தர விதிகளையும் பார்த்த அவர், விலையையும் பார்த்தார். பெரிய ரகத்துக்குப் பேசிய விலை பவுண்டுக்கு 33 சென்ட். அந்த எடையில் இளங்கோழியின் சந்தை விலையோ 35 முதல் 37 சென்ட். நஷ்டத்துக்கு விற்க யார் ஒப்புக்கொள்வார்? இளங்கோழி என்ற குறுகிய பொருளை நிரூபிக்க முடியாததால் வாங்கியவர் தோற்றார்.

நாமும் 'புளி 20 மூட்டை' என்று எழுதி அனுப்புகிறோம். புதுப்புளியா, பழம்புளியா? கொட்டை எடுத்ததா, எடுக்காததா? ஒரு சொல் கூடுதலாக எழுதினால் ஒரு வழக்கு குறையும்.

அழுகும் சரக்கு

வந்த சரக்கு சரியில்லை என்று மறுத்துவிட்டோம். அனுப்பியவர் தூரத்து ஊர்க்காரர், அவருக்கு இங்கே ஏஜெண்டும் இல்லை. 'உன் சரக்கு, உன் பாடு' என்று கிடங்கில் போட்டு அழுகவிடலாமா? கூடாது என்கிறது தொகுப்பு. வாங்கிய வியாபாரி, அனுப்பியவரின் நியாயமான உத்தரவுப்படி நடக்க வேண்டும். உத்தரவு எதுவும் வராமல் சரக்கும் அழுகுவதானால், அனுப்பியவர் கணக்கில் அதை விற்றுக்கொடுக்க முயல வேண்டும். அதற்கான செலவையும் தொழில் வழக்கப்படியான கமிஷனையும் எடுத்துக்கொள்ளலாம். வழக்கம் எதுவும் இல்லை என்றால் விற்ற தொகையில் 10 சதவீதத்துக்கு மிகாமல் நியாயமான தொகை. நல்ல மண்டிக்காரர் காலம் காலமாகச் செய்வதுதானே இது!

காய்கனிக்கு 1930 முதல் தனியாக ஒரு மத்தியச் சட்டமும் உண்டு. மொத்த வியாபாரிகளும் தரகர்களும் விவசாயத் துறையிடம் லைசென்ஸ் பெற வேண்டும். ஆண்டுக்கு 2,30,000 டாலருக்கு மேல் காய்கனி கொள்முதல் செய்யும் சில்லறைக் கடைக்காரருக்கும் அது தேவை. வேறு தவணை பேசாவிட்டால், சரக்கை ஏற்ற 10 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். 1984இல் வந்த திருத்தம் இன்னும் முக்கியமானது: பணம் தரும் வரை அந்தச் சரக்கும் அதை விற்று வந்த பணமும் விற்றவருக்காக வைத்திருக்கும் பொறுப்புச் சொத்து. வாங்கியவர் திவாலானால், பாங்கிக் கடனுக்கும் முன்னால் காய்கனிக்காரர் நிற்கிறார்.

ஆனால் ஒரு நிபந்தனை. முன்கூட்டி எழுதி ஒப்புக்கொண்டாலும் தவணை 30 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இந்தப் பாதுகாப்பு போயிற்று. தாராளமாகக் கடன் கொடுத்தவருக்குச் சட்டம் துணை வராது. கடன் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் இதன் பொருள் புரியும்.

நாம் கொள்ள வேண்டியது

அந்தச் சட்டம் அங்கே இருக்கட்டும். அது வியாபாரியிடம் எதிர்பார்க்கும் பழக்கங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். வந்த கடிதத்தை, இன்று என்றால் செல்போனில் வந்த ஆர்டரையும், அன்றே படித்து, தவறு இருந்தால் அன்றே எழுதுவோம். சரக்கின் ரகத்தை முழுவதும் எழுதுவோம். விலை நிற்கும் நாளைக் குறிப்பிடுவோம். கடனுக்கு நாள் வைப்போம்.

'படித்தவன், தெரிந்தவன் என்பதால் சட்டம் தள்ளுபடி கொடுக்காதா தாத்தா?' என்று பேரனிடம் விளையாட்டாகக் கேட்டவள் நம் சின்னப் பேத்தி. தெரிந்தவனுக்குத் தள்ளுபடி இல்லையம்மா, பொறுப்புத்தான் கூடுதல் என்று நாம் பதில் சொன்னோம். மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் வேலையாக, கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தோம். இரண்டுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.