டீசல் பிக்கப் டிரக்குகளின் மாற்றுப் புகைக்குழாய்

மாற்றுப் புகைக்குழாய் என்பது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட புகைக்குழாய்க்குப் பதிலாகப் பொருத்துவதற்கென்று பிற நிறுவனங்கள் செய்து விற்கும் குழாய்த் தொகுதி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம் 2500, செவர்லே சில்வராடோ 2500 போன்ற டீசல் பிக்கப் டிரக்குகளின் உரிமையாளர்கள் பலர் இதை வாங்குகின்றனர். துருப்பிடித்த குழாயை மாற்றுதல், எஞ்சின் ஒலியைக் கூட்டுதல், புகை எளிதாக வெளியேறச் செய்தல் ஆகியவை இதற்கான காரணங்கள். குழாயை எந்த இடத்திலிருந்து மாற்றலாம் என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது.

புகை செல்லும் வழி

சிலிண்டர்களிலிருந்து வெளிவரும் சூடான புகை முதலில் டர்போசார்ஜரின் சுழலியைச் சுழற்றுகிறது. பழைய வண்டிகளில் அதன்பின் சைலன்சரும், சிலவற்றில் வினையூக்கி மாற்றியும் மட்டுமே இருந்தன. 2007 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதிகள் கரித்துகளின் அளவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. அதனால் துகள் வடிகட்டி சேர்க்கப்பட்டது. 2010க்குப் பிறகு, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க யூரியாக் கரைசலைத் தெளிக்கும் அமைப்பும் படிப்படியாக வந்தது.

சட்ட வரம்பு

தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளை அகற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது. எனவே வடிகட்டி உள்ள வண்டியில் அதற்குப் பின்னால் உள்ள குழாயை மட்டுமே மாற்ற வேண்டும். பழைய வண்டியில் டர்போவிலிருந்தே மாற்றலாம். ஆயினும் வினையூக்கி மாற்றி இருந்தால் அது இருக்க வேண்டும். 'பந்தயத்திற்கு மட்டும்' என்று எழுதி விற்கப்படும், வடிகட்டி இல்லாத குழாய்களைச் சாலையில் ஓடும் வண்டியில் பொருத்துவது குற்றமாகும்.

இத்தடைக்கு வலுவான காரணம் உண்டு. 2020 நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சுமார் பத்தாண்டுகளில் 5.5 இலட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் டிரக்குகளில் இக்கருவிகள் அகற்றப்பட்டிருந்தன. அவ்வண்டிகள் தம் ஆயுட்காலத்தில் 5.7 இலட்சம் டன்னுக்கும் மேலான நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கூடுதலாக வெளியிடும் என்றும் அது கணக்கிட்டது. இவ்வாயுக்களும் நுண்துகள்களும் நுரையீரலைப் பாதிப்பவை.

தேர்ந்தெடுத்தல்

விட்டம்: 4 அங்குல, 5 அங்குலக் குழாய்களே அதிகம் விற்கின்றன. 4 அங்குலத்திலிருந்து 5 அங்குலத்திற்கு மாறினால் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 56 விழுக்காடு கூடும். ஆனால் எஞ்சினின் திறன் அவ்வாறு கூடாது. வடிகட்டியே புகைக்குப் பெரிய தடை. அதற்குப் பின்னால் குழாய் அகன்றாலும் கிடைக்கும் பயன் சிறிதே. பெரும்பாலும் மாறுவது ஒலிதான்.

உலோகம்: அலுமினியப் பூச்சு எஃகு விலை குறைந்தது, பூச்சு உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும். 409 வகை துருவேறா எஃகில் மேற்பரப்பு பழுப்பேறினாலும் குழாய் நீண்ட நாள் உழைக்கும். 304 வகை விலை கூடியது. துருவை நன்கு தாங்கும். பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவும் வட மாநிலங்களில் இவ்வேறுபாடு முக்கியமானது.

அளவு: ஒரே மாதிரி வண்டியிலும் ஓட்டுநர் அறையின் வகை, பின்தளத்தின் நீளம் ஆகியவற்றுக்கேற்பக் குழாயின் நீளம் மாறும். இவற்றையும் தயாரிப்பு ஆண்டையும் சரிபார்த்தே வாங்க வேண்டும்.

வால்முனை: வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும்போது அதனுள் வெப்பம் சுமார் 600 பாகை செல்சியசை எட்டும். இதனால் பல வண்டிகளின் வால்முனையில் வெளிக்காற்றைக் கலந்து புகையைக் குளிர்விக்கும் அமைப்பு உண்டு. அது இல்லாத முனையைப் பொருத்தினால், காய்ந்த புல்மீது வண்டி நிற்கும்போது தீப்பற்றும் ஆபத்து கூடும்.

பொருத்துதல்

1. எஞ்சின் முழுதும் ஆறிய பின், வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கிய பின் உறுதியான தாங்கிகளின் மேல் இறக்காமல் அடியில் நுழையக் கூடாது.
2. துருப்பிடித்த போல்ட்டுகளில் துருநீக்கும் எண்ணெய் விட்டுச் சில மணி நேரம் ஊறவிட வேண்டும். ரப்பர் தாங்கிகளைச் சோப்பு நீர் தடவிக் கழற்றலாம்.
3. அச்சுக்கு மேலாக வளைந்து செல்லும் பழைய குழாய் முழுதாக வெளிவராவிடில் அதை அறுத்தே எடுக்க வேண்டும். அப்போது உணரிகளின் கம்பிகள் அறுபடாமல் காக்க வேண்டும்.
4. புதிய பகுதிகளை முன்னிருந்து பின்னாகத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். பிரேக் குழாய், மின்கம்பி, உதிரிச் சக்கரம் ஆகியவற்றிலிருந்து போதிய இடைவெளி இருப்பதை உறுதி செய்த பின்னரே கிளாம்புகளை முறுக்க வேண்டும்.
5. எஞ்சினை இயக்கி இணைப்புகளில் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். குழாய் சூடாகிக் குளிரும்போது கிளாம்புகள் தளரக்கூடும். ஆகவே சில நாள் ஓட்டத்திற்குப் பின் குழாய் ஆறிய நிலையில் அவற்றை மீண்டும் முறுக்குவது அவசியம்.

கழற்றிய பழைய குழாயையும் சைலன்சரையும் பத்திரப்படுத்துவது நல்லது. புதிய குழாயின் ஒலி ஒத்துவராவிட்டால் மீண்டும் பொருத்த அவை உதவும்.