ஒட்டுப்போட்ட சர்வர்!

ஓட்டலில், நாம் கேட்டதை கொண்டு வந்து தருபவர் சர்வர். இணையத்திலும் ஒரு சர்வர் உண்டு, தெரியுமா குட்டீஸ்?

கம்ப்யூட்டரில் ஓர் இணையதள முகவரியை, 'டைப்' செய்ததும், அந்தப் பக்கத்தை எடுத்து அனுப்பும் மென்பொருள் தான், 'வெப் சர்வர்!' அதில் புகழ் பெற்ற ஒன்று, அப்பாச்சி.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, என்.சி.எஸ்.ஏ., மையத்தில், ராப் மெக்கூல் என்பவர் ஒரு வெப் சர்வரை உருவாக்கினார். இலவசம் என்பதால், பலரும் பயன்படுத்தினர். 1994ன் நடுவில், அவர் மையத்தை விட்டு விலக, பணி நின்று போனது. கோளாறு வந்தால் யார் சரி செய்வது?

நல்லவேளை... அதன், 'சோர்ஸ் கோடு' எல்லாருக்கும் கிடைத்தது. கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போடுவது போல், இணையதளம் நடத்தியவர்கள், அவரவர் சர்வரை தாங்களே திருத்திக் கொண்டனர். இந்த திருத்தங்களுக்கு, 'பேட்ச்' என்று பெயர். ஒட்டு என்று அர்த்தம்.

ஒருவர் போட்ட ஒட்டு, மற்றவருக்கும் பயன்பட வேண்டாமா? 1995, பிப்ரவரியில், பிரையன் பெலண்டார்ப் உள்ளிட்ட எட்டு பேர் குழுவாக சேர்ந்தனர். வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும், இ - மெயிலில் பேசி ஒட்டுகளை ஒன்று சேர்த்து, ஏப்ரலில் வெளியிட்டனர்.

அமெரிக்கப் பழங்குடியினரான அப்பாச்சி மக்கள் மீதுள்ள மரியாதையால், அந்த பெயரை வைத்தனர். 'எ பேட்சி' சர்வர், அதாவது, ஒட்டுப்போட்ட சர்வர் என்ற வேடிக்கை அர்த்தமும் அதில் ஒட்டிக் கொண்டது!

குழுவில் ஒருவரான ராபர்ட் தா, சர்வருக்கு புதிய கட்டமைப்பை உருவாக்கினார். மிக்சியில் மோட்டார் ஒன்று தான். சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார் மாட்டுகிறோம் அல்லவா... அதுபோல், பாஸ்வேர்டு கேட்க ஒரு, 'மாட்யூல்', முகவரியை மாற்றி விட ஒரு மாட்யூல் என, தேவையானதை இணைத்துக் கொள்ளலாம். புதிதாக எழுதியும் சேர்க்கலாம். மோட்டாரில் கை வைக்க வேண்டியதில்லை!

1995, டிசம்பர் 1ல், அப்பாச்சி 1.0 வெளியானது. 1996லேயே, உலகில் அதிகம் பயன்படும் வெப் சர்வர் ஆகிவிட்டது. 1999ல், அதைப் பராமரிக்க, லாப நோக்கமற்ற அறக்கட்டளை துவங்கப்பட்டது. 2009ல், 10 கோடி இணையதளங்களைத் தாண்டியது.

ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயேவ், 2004ல் வெளியிட்ட, 'என்ஜின் எக்ஸ்' பின்னாளில் அதை முந்தியது. அதுவும் சோர்ஸ் கோடு திறந்த மென்பொருளே!

அப்பாச்சியையோ, இன்றும் தன்னார்வலர்கள் திருத்தி, மெருகேற்றி வருகின்றனர். எழுதியவர் விலகியும் அந்த சர்வர் பிழைத்தது ஏன் என்று, இப்போது புரிகிறதா குட்டீஸ்... அது பூட்டி வைக்கப்படவில்லை!