தம்பி வாசித்தான், பாட்டி விளக்கினார்

ஜூன் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. பொழுது விடியும் முன்பே அப்பா, உயர்நிலை மூன்றில் படிக்கும் தம்பி, நான் மூவரும் புக்கிட் பாஞ்சாங்கில் 170ஆம் எண் பேருந்தில் ஏறிவிட்டோம். ஜோகூரின் லார்க்கின் நிலையத்தில் மலாக்கா பேருந்து கிடைத்தது.

பாதி வழி தம்பி தூங்கினான். மீதி வழி சண்டை. ‘ஓ’ நிலைத் தேர்வு முடிந்ததும் தமிழை விட்டுவிடப் போகிறானாம். “பாலிடெக்னிக் போனதும் நீயும்தானே விட்டுட்ட, அக்கா?” என்றான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மலாக்காவை 1511ல் போர்த்துகீசியர் பிடித்தனர். 1641ல் டச்சுக்காரர்கள் அவர்களை விரட்டினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 2008ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் இது. எல்லாரும் படமெடுக்கும் சிவப்பு தேவாலயம் 1753ல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்தது. அதன் முன்னே பொம்மைகளால் அலங்கரித்த ரிக்‌ஷாக்கள் போட்ட பாட்டுச் சத்தத்தில் எங்களால் பேசவே முடியவில்லை. மலையேறிவிட்டோம்.

மறுபக்க அடிவாரத்தில் ஃபமோசா கோட்டையின் வாயில் மட்டும் தனியாக நிற்கிறது. போர்த்துகீசியர் கட்டிய கோட்டை. ஆனால் வாயிலின் மேல் செதுக்கியிருப்பது 1670, டச்சுக்காரர்கள் புதுப்பித்த ஆண்டு. 1807ல் ஆங்கிலேயர் கோட்டையை இடிக்கத் தொடங்கினர். வெடி வைத்தபோது யானை அளவு கற்கள் பறந்ததாக முன்ஷி அப்துல்லா எழுதியிருக்கிறார்.

இந்த அப்துல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலாக்காவில் பிறந்தவர், தமிழ், அரபு மரபில் வந்தவர், ராஃபிள்சிடம் எழுத்தராக வேலை பார்த்தவர். சிறுவயதில் தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினாராம். கணக்கு வழக்குக்குத் தமிழ் பயன்பட்டதால் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் அதைக் கற்பது மலாக்காவில் வழக்கமாக இருந்தது என்று தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். தம்பியிடம் சொன்னேன். “அது அந்தக் காலம்,” என்றான்.

சாப்பிட்டுவிட்டு துக்காங் எமாஸ் தெருவுக்கு நடந்தோம். அங்கே இருக்கிறது 1748ல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். ‘கிளிங்’ என்று இன்று யாராவது நம்மை அழைத்தால் கோபம் வரும். அன்று அது வசை இல்லை. தென்னிந்திய வணிகர்களுக்கு வழங்கிய பெயர். இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் கேட்டதாகப் போர்த்துகீசியரான தோமே பிரெஸ் பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அதில் நம் மொழியும் ஒன்று.

சில எட்டு தள்ளி ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781ல் மலாக்கா செட்டிகள் கட்டியது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய். வழிபடுவது நம் தெய்வங்களை. தொடக்கப்பள்ளியில் படித்தபோது, 2018ல், லிட்டில் இந்தியாவின் இந்திய மரபுடைமை நிலையத்தில் இவர்களைப் பற்றிய கண்காட்சிக்குப் போயிருக்கிறேன். தமிழ் பேசாத தமிழரா என்று அப்போது சிரித்தது நினைவிருக்கிறது.

உள்ளே சாரோங் கெபாயா அணிந்த பாட்டி ஒருவர் சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைக் காட்டி, அப்பாவிடம் மலாயில் ஏதோ கேட்டார். “இவன் வாசிப்பான்,” என்று அப்பா தம்பியை முன்னே தள்ளினார். அவர் விரல் வைத்த இடத்தை அவன் எழுத்துக் கூட்டினான்: “சங்... கட... ஹர... சதுர்த்தி.”

பாட்டியின் முகம் மலர்ந்தது. தம்பி என் பக்கம் திரும்பி, “அப்படின்னா?” என்றான். எனக்குத் தெரியாது. அப்பாவைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தார்.

பாட்டிதான் விளக்கினார், மலாயில். பௌர்ணமிக்கு அடுத்து வரும் நான்காம் நாள், விநாயகருக்கு விரதம், இரவில் நிலவைப் பார்த்த பிறகுதான் சாப்பிட வேண்டும். தமிழ் பேச வராது, ஆனால் அம்மா காலத்திலிருந்து விரதத்தை விட்டதில்லை என்றார். அப்பா மொழிபெயர்க்க, தம்பி அடுத்த மாதத் தேதியையும் தேடி வாசித்துக் கொடுத்தான். ‘ஹ’வில் இந்த முறை தடுக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் சண்டை இல்லை. காஜா பெராங்கில் உள்ள செட்டி அருங்காட்சியகத்துக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. டிசம்பர் விடுமுறையில் போகலாம் என்று சொன்னது தம்பிதான்.