கறி எத்தனை கிலோ விழும்?

நல்லம்பள்ளி ஆட்டுச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே வந்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு வருகிறவர்கள் காதில் விலை மட்டும்தான் விழும். அதற்கு முன்னால் நடக்கிற கூத்தெல்லாம் இப்போதுதான்! டெம்போவின் பின்கதவு திறக்கிறது, ஆடுகள் தொபுக் தொபுக்கென்று குதிக்கின்றன. கீழே பார்த்து வாங்க, எங்கே கால் வைத்தாலும் புழுக்கை.

அதோ, லுங்கியை மடித்துக் கட்டிய வியாபாரி. கிடாவின் வயிற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வயிறு பொய் சொல்லும். வண்டி ஏற்றும்போதே வயிறு முட்டத் தண்ணீர் காட்டியிருப்பார்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்துகிறார். ஒரே தூக்கு. நெற்றியில் வியர்வை. "பன்னெண்டு கிலோ விழும்."

"பத்தைத் தாண்டாதுங்க மாமா!"

"டீ பந்தயமா?"

"ஐயோ, வேணாங்க... சும்மா சொன்னேன்!"

கூட்டமே சிரிக்கிறது. எனக்கோ அந்த 'வேணாங்க'தான் விருந்து. எத்தனை கிலோ என்பது ஒரு கணிப்பு. பந்தயத்துக்குப் பின்வாங்கியது, அந்தக் கணிப்பை அவரே எவ்வளவு நம்புகிறார் என்பதன் அளவு.

இதையே ஆராய்ச்சியாகச் செய்து 1884-ல் கட்டுரை படித்தவர்கள் அமெரிக்காவின் சார்லஸ் பர்ஸும் ஜோசப் ஜாஸ்ட்ரோவும். ஆட்டுக்குப் பதில் விரல் நுனியில் துளித்துளியாக மாறும் எடை. கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்தது, நம்புங்கள், ஒரு சீட்டுக்கட்டு! ஒவ்வொரு விடையோடும் 0 முதல் 3 வரை 'எவ்வளவு உறுதி' என்றும் சொல்ல வேண்டும். உறுதி ஏற ஏற, சரியான விடைகளும் ஏறின. '0' என்று கைவிரித்தபோதுகூட ஐந்துக்கு மூன்று சரி!

இங்கே விடைத்தாள் திருத்துவது கறிக்கடைத் தராசு. உரித்துத் தொங்கவிட்ட பிறகு போன் வரும்: "அண்ணே, ஒரு கிலோ குறையுதே!" அந்த வசவில்தான் கை பழகுகிறது.

எந்த ஆட்டைக் காட்டினாலும் "எழுதி வெச்சுக்க!" என்று முழங்குகிறாரே ஒருவர், அவர் எப்போதும் 3. அந்த உறுதியை வைத்து எந்த ஆட்டில் அவர் தவறுவார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஓரத்துப் பெரியவரோ ஒரு ஆட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எனக்குப் பிடிபடலப்பா" என்று நகர்கிறார். அடுத்ததற்குச் சட்டென முன்பணம் நீட்டுகிறார்.

ஆடு வாங்க வந்திருந்தால் பெரியவர் பக்கத்தில் நில்லுங்கள். ஓசி டீ வேண்டுமென்றால் முழக்கக்காரரிடம் பந்தயம் கட்டுங்கள்!