ஆர்தர் சி. கிளார்க்

சர் ஆர்தர் சார்ல்ஸ் கிளார்க் (டிசம்பர் 16, 1917 – மார்ச் 19, 2008) இங்கிலாந்தில் பிறந்து, 1956 முதல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆவார். புவிநிலைச் செயற்கைக்கோள்களைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்ற கருத்தை 1945 இல் வெளியிட்டார். பின்னர் பிசிக்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்னும் இயற்பியல் ஆய்வுச் சுருக்க இதழின் துணை ஆசிரியராகப் பணியாற்றினார்.

இலங்கை வாழ்க்கை

கிளார்க்கை இலங்கைக்கு ஈர்த்தது கடல் ஆகும். நீருக்கடியில் மிதப்பது விண்வெளியின் எடையற்ற நிலையை ஒத்திருந்ததால் அவர் சுழியோடலில் நாட்டம் கொண்டார். போர்த்துக்கேயரால் 17 ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்ட திருக்கோணேச்சரத்தின் சிதைவுகளை, நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலைக் கடலடியில் கண்டார். வானை நோக்குவதும் மேசைப்பந்தாட்டமும் அவருடைய ஏனைய பொழுதுபோக்குகள். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் இருந்தார்.

படைப்பில் இலங்கை

1979 இல் வெளிவந்த த பவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ் புதினத்தில் சிகிரியா, சிவனொளிபாதமலை ஆகியவற்றைத் தழுவிய இடங்கள் வருகின்றன. புவியையும் புவிநிலைச் சுற்றுப்பாதையையும் வடத்தால் இணைக்கும் விண்வெளி உயர்த்தி நிலநடுக்கோட்டில் அமையவேண்டும் என்பதால், கதையில் தீவை ஏறத்தாழ 800 கி.மீ. தெற்கே நகர்த்தினார்.

இறுதிக்காலம்

1988 இல் இளம்பிள்ளைவாதப் பின்விளைவு நோய் கண்டறியப்பட்டபின் பெரும்பாலும் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். நிலத்தில் நடக்க இயலாத நிலையிலும், எடை உணரப்படாத நீருக்கடியில் அவரால் இயங்க முடிந்தது. இக்கடுவையில் இருந்த அவருடைய சுழியோடல் பள்ளி 2004 ஆழிப்பேரலையில் அழிந்தது. கிளார்க் கொழும்பில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.