கணனி சொல்லும் நாழிகைக் கணக்கு

திருக்கோணமலைவாசிகளுக்குக் கப்பல் பார்ப்பது செலவில்லாத பொழுதுபோக்கு. கோணேசர் மலைமீது நின்று கிழக்கே நோக்கினால், சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பல் தொடுவானிலே ஒரு புள்ளியாகத் தோன்றும். “இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் உள்ளே வந்துவிடும்” என்பார் ஒருவர். “நாலாவது செல்லும்” என்பார் மற்றவர். இருவர் வாக்கும் பொய்த்துப்போவதுண்டு. அதனால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் இதே வகையான வாக்கு ஒன்றை நம்பி, நாற்பது நாள் உழைப்பை ஒரு நொடியில் அழித்தவன் நான். அந்தக் கதையைச் சொல்லுமுன் சற்றே விளக்கம் வேண்டும்.

நம் வீடுகளிலுள்ள கணனிகள் பகலின் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கின்றன. அந்த ஓய்வுநேரத்தை விஞ்ஞான ஆராய்ச்சிக்குத் தானமாகக் கேட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றிற்று. 1999ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி, கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார் ‘செற்றி அற் ஹோம்’ என்னும் திட்டத்தைத் தொடக்கினர். வானொலித் தொலைநோக்கியில் பதிவான ஒலிக்குவியலைச் சிறு துண்டுகளாக்கி ஊரூராக அனுப்பி, அவற்றுள்ளே வேற்றுலகத்தார் குரல் ஏதும் உண்டா என்று தேடச் செய்ததே அத்திட்டம். 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதிற் சேர்ந்தனர். குரல் எதுவும் கேட்கவில்லை. 2020 மார்ச் 31உடன் துண்டுகள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஆயினும் அதன் வழிவந்த ‘பொயிங்க்’ என்னும் மென்பொருள் இன்றும் பல திட்டங்களைத் தாங்கி நிற்கிறது. அவற்றுள் ஒன்றான ‘ஐன்ஸ்டைன் அற் ஹோம்’ மூலம், 2010இல் தன்னார்வலர் வீட்டுக் கணனிகளே ஒரு துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்தன.

பொயிங்க் திரையிலே ஒவ்வொரு பணிக்கும் எதிரே ‘எஞ்சிய நேரம்’ என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். வழக்குக்குரியது அந்த எண்தான்.

அது எவ்வாறு பிறக்கிறது? பணியை அனுப்பும் விஞ்ஞானி, இதைச் செய்து முடிக்க இத்தனை கணிதச் செய்கைகள் தேவைப்படும் என்று ஒரு மதிப்பீட்டைச் சேர்த்தே அனுப்புகிறார். நம் கணனி செக்கனுக்கு எத்தனை செய்கைகள் செய்யவல்லது என்பதை மென்பொருள் ஒரு சிறு சோதனையால் அறிந்துகொள்கிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் நேரம். உதாரணமாக, பணிக்கு 36 இலட்சம் கோடி செய்கைகள் வேண்டும், கணனியின் வேகம் செக்கனுக்கு 200 கோடி என்றால், விடை 18,000 செக்கன். அதாவது 5 மணித்தியாலம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய வகுத்தல்.

வகுத்தல் பிழைப்பதில்லை, வகுக்கும் எண்கள்தாம் பிழைக்கின்றன. விஞ்ஞானியின் மதிப்பீடு ஊகமே. வேகச் சோதனையோ சிறு கணக்கொன்றை வைத்துச் செய்யப்படுவது. பெரும் பணியோ நினைவகத்துக்கும் மூளைக்குமிடையே ஓயாது தரவுகளை ஏற்றி இறக்கவேண்டியது. வெற்றுவண்டி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சுமைவண்டியின் பயணநேரத்தைச் சொல்வதுபோலாகும் இது. அத்துடன் நம்மூர்ச் சித்திரை வெயிலில் கணனி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது சோதனையில் அகப்படாது.

இக்குறையை நீக்க மென்பொருளை ஆக்கியோர் ஒரு திருத்தக் காரணியை வைத்தார்கள். ஒரு பணி எதிர்பார்த்ததிலும் கூடுதலான நேரம் எடுத்தால், அத்திட்டத்துக்குரிய காரணி உடனே உயரும். குறைந்த நேரத்தில் முடிந்தாலோ சிறிது சிறிதாகவே இறங்கும். ஏன் இந்த ஓரவஞ்சனை? எஞ்சிய நேரத்தைப் பார்த்துத்தான் கணனி மேலும் எத்தனை பணிகளைக் கேட்பதென்று முடிவுசெய்கிறது. நேரத்தைக் குறைத்து மதித்தால் அளவுக்கு மீறி வேலை வாங்கிக் குவித்துவிடும். தவணைத் திகதி தவறும். அதே பணி வேறொருவருக்கு அனுப்பப்பட, இருவர் உழைப்பில் ஒன்று வீணாகும். கூட்டி மதித்தால் பெருங் கேடில்லை. கடன் வாங்குவோரும் இம்முறையைக் கைக்கொண்டால் நன்று! பிற்காலத்தில் பல திட்டங்கள் ஒவ்வொரு கணனியின் பழைய பதிவுகளையும் தலைமைக் கணனியிலேயே வைத்து நேரத்தை மதிக்கத் தொடங்கிவிட்டன. பழைய முறையும் முற்றாக மறையவில்லை.

இனி என் கதை. 2020இல், காலநிலை பற்றிய நீண்ட பணியொன்று என் கணனியில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நாட்கள் சென்றிருந்தன. நூற்றுக்கு எழுபது முடிந்து, எஞ்சியது 9 நாள் என்றது திரை. டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நம் மாவட்டக் கரையைக் கடந்தது. மின்சாரம் நின்றது. மீண்டும் கணனியை இயக்கியபோது நூற்றுக்கு அறுபத்தொன்பது. எஞ்சியது 14 நாள்! அடுத்த நாளும் அந்த எண் இறங்கவில்லை. பணி பழுதாகிவிட்டதென்று தீர்மானித்து, ‘கைவிடு’ என்ற பொத்தானை அழுத்தினேன்.

அதே தொகுதியைச் சேர்ந்த பணியொன்றை என் மாணவன் ஒருவனும் ஏற்றிருந்தான். அவனுக்கும் எண் ஏறியிருக்கிறது. ஆனால் அவனுடைய பணி ஒழுங்காக முடிந்து போய்ச் சேர்ந்தது. “நீ எப்படிப் பொறுத்திருந்தாய்?” என்று கேட்டேன். “சேர், நான் அந்த எண்ணைப் பார்க்கிறதே இல்லை” என்றான். பட்டதாரி ஆசிரியன் நான் வாயடைத்து நின்றேன்.

நடந்ததைப் பின்னர் ஆராய்ந்தேன. ஒன்று குறைந்ததற்குக் காரணம், பணி இடையிடையே தன் நிலையைப் பதிந்துவைப்பது. மின்சாரம் நின்றால் கடைசிப் பதிவுக்குப் பிந்தியது மட்டும் அழியும். நாட்கள் கூடியதற்குக் காரணம் வேறு. அதே திட்டத்தின் சிறு பணியொன்று, நான் கணனியிலே இணையவழி வகுப்பு நடத்திய வேளைகளில் ஓடி, இருமடங்கு நேரம் எடுத்து முடிந்திருந்தது. உடனே காரணி உயர்ந்தது. பெரிய பணியின் எஞ்சிய நேரமும் கூடவே உயர்ந்தது. பணியில் பழுதேதும் இருக்கவில்லை.

தொடக்கத்தில் முன்மதிப்பீட்டையும், பணி முன்னேற முன்னேற உண்மையில் முடிந்த வீதத்தையும் கூடுதலாக நம்புவது மென்பொருளின் வழக்கம். துறைமுகத்தை நெருங்கும் மாலுமியும் இப்படியே தன் கணக்கைத் திருத்துகிறான். ஆனால் அந்த வீதத்தைச் சொல்வது பணியே. சில பணிகள் அதைச் சொல்வதேயில்லை. அப்போது மென்பொருள் தானாக ஓர் எண்ணைக் கற்பித்துக்கொள்ளும்; அது நூறை நெருங்கிக்கொண்டேயிருக்கும், தொடாது. தொண்ணூற்றொன்பதில் நின்று நம்மைச் சோதிப்பவற்றுட் சில இவ்வகையினவே.

மாணவர்கள் இப்போது ஒரு வேடிக்கை செய்கிறார்கள். மணிக்கொருமுறை எஞ்சிய நேரத்தைக் குறித்து வரைபடம் கீறுகிறார்கள். நேராக இறங்கவேண்டிய கோடு மலைப்பாதைபோல் ஏறி இறங்குகிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறன்று அது நடுவே அறுந்து கிடக்கிறது. அன்று நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டமைக்குத் தென்னிலங்கை உபமின் நிலையமொன்றிற் புகுந்த குரங்கே காரணமென மின்சக்தி அமைச்சர் சொன்னார். அறுந்த இடத்திலே பிள்ளைகள் ஒரு வாலை வரைந்துவைத்திருக்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் பக்கத்து மேசைக் கணனி, எஞ்சியது 3 மணித்தியாலம் 12 நிமிடம் என்கிறது. சற்று முன்னர் பார்த்தபோது 2 மணித்தியாலம் 50 நிமிடமாக இருந்தது. திரையை அணைத்துவிட்டு நான் நித்திரைக்குப் போகிறேன்.