ஆங்கில ஒலிப்பும் நம் பயிற்சி ஆசிரியர்களும்



ஆசிரியர் கல்விக் கழகங்களில் பயிலும் இளைஞர்கள், கற்பித்தல் பயிற்சிக்காக நம் பள்ளிகளுக்கு அனுப்பப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் ஆங்கிலப் பாடத்தை எடுத்தோரை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இலக்கணத்தைத் துணிவுடன் நடத்துவர். கதையும் பாட்டும் சொல்லுவர். ஒலிப்புப் பயிற்சிப் பக்கம் வந்துவிட்டாலோ தயங்கி நிற்பர். அண்மையில் வந்த பயிற்சி ஆசிரியை ஒருவர், அப்பக்கம் வந்ததும் கைப்பேசியிலிருந்த ஒலிப்பதிவை இயக்கிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். வகுப்பு முடிந்தபின் காரணம் கேட்டேன். “ஐயா, என் உச்சரிப்பு வெள்ளைக்காரர் உச்சரிப்பைப் போல் இராது. பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்” என்றார்.

இவ்வச்சம் அவர் ஒருவருக்கே உரியதன்று. ஒலிப்பு இன்றியமையாதது என்று பயிற்சி ஆசிரியர் எல்லாரும் ஒப்புக்கொள்வர். அதைக் கற்பிக்கும் தகுதி தமக்கு இல்லை என்றும் அவர்களே சொல்வர். பிள்ளை தவறும்போது திருத்துவதும், பத்து முறை சேர்ந்து சொல்லச் செய்வதுமே அவர்களுக்குத் தெரிந்த வழிகள். தேர்வும் அவர்களை ஊக்கவில்லை. 2021-இல் நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ஆங்கிலத் தாள்கள் எழுத்துத் தாள்களாகவே இருந்தன.

வெள்ளைக்காரரைப் போல் பேசுவதே நல்ல ஆங்கிலம் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? 1952 முதல் 1962 வரை, இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அருகே கெர்க்பி என்னுமிடத்தில் மலாயா ஆசிரியர் கல்லூரி ஒன்று நடைபெற்றது. நம் நாட்டு இளைஞர்கள் அங்கே ஈராண்டு பயின்று திரும்பினர். அத்தகையோரை அளவுகோலாகக் கொண்ட தலைமுறை நம்முடையது. டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட ஒலிப்பு அகராதி காட்டியதோ, இங்கிலாந்தின் தென்பகுதியில் உயர்குடியினரின் விடுதிப் பள்ளிகளில் பயின்றோர் பேசிய ஒலிப்பு. லிவர்பூல்வாசிகளே அவ்வாறு பேசுவதில்லை என்பது வேடிக்கை.

இன்று அறிஞர் வேறுவிதமாகக் கருதுகின்றனர். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்னும் ஆங்கில மொழியியலறிஞர், வெவ்வேறு தாய்மொழியினர் ஆங்கிலத்தில் உரையாடும்போது எந்த ஒலிப்பு வேறுபாடு பொருளைக் குழப்புகிறது, எது குழப்புவதில்லை என ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நம் பாடத்திட்டம் தழுவியுள்ள சி.இ.எஃப்.ஆர். எனும் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலும், 2018-இல் வந்த துணைநூலில், தாய்மொழியாளரின் ஒலிப்பை எல்லையாக வைக்காமல் கேட்போருக்கு விளங்குதலையே முதன்மையாக வைத்தது.

ஜென்கின்ஸ் இன்றியமையாதவை என்றவற்றுள் ஒன்று உயிரின் நீளம். ‘ஷிப்’ என்றால் கப்பல். ‘ஷீப்’ என்றால் செம்மறியாடு. மலேசியர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே ஒலிப்பர். நம் பிள்ளைகளுக்கோ இது குறில், நெடில்! முதலாம் ஆண்டிலேயே கற்றுவிட்ட பாடம். அவ்வாறே, மூன்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் மரத்தைக் குறிக்கும் சொல்லையும் ‘ட்ரீ’ என்றே சொல்வோர் இந்நாட்டில் மிகப் பலர். நாநுனி அகன்று மேற்பல்லின் அடியைத் தொடத் தகரம் பிறக்கும் எனத் தொல்காப்பியம் பிறப்பியலில் காட்டிய முறைப்படி ‘த்ரீ’ என்று சொல்லும் நம் பிள்ளை, இரண்டையும் பிரித்துக்காட்டிவிடுகிறான். அது இலண்டன் ஒலியன்றுதான். ஆயினும் கேட்போருக்கு ஐயம் எழாது.

நமக்கு இடர்தரும் இடங்களும் உண்டு. தமிழ்ச்சொல் இரண்டு மெய்களோடு தொடங்காது; வல்லின மெய்யோடு முடியவும் முடியாது. ஆகவேதான் பாட்டிமார் ‘இஸ்கூல்’ என்றும் ‘புக்கு’ என்றும் சொல்கிறார்கள். நகைக்க வேண்டா. போர்த்துக்கீசியரும் முன்னே ஓர் உயிரைச் சேர்த்து ‘எஸ்கோலா’ என்றனர். அதிலிருந்து வந்ததே மலாயின் ‘செக்கோலா’.

இவ்விடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தோட்டப் பள்ளியை முடித்து, இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் சேர்ந்த முதல் மாதம், மீனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ‘பிஷ்’ என்று படித்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது; ஆசிரியரும் சிரித்தார். கீழுதட்டை மேற்பல்லில் வைத்து ஊது என்று ஒருவர் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. அவ்வாண்டு முழுவதும் ஆங்கில வகுப்பில் நான் வாய் திறக்கவேயில்லை. பால்வெட்டி என்னைப் படிக்கவைத்த தாயாரிடமும் இதைச் சொல்லவில்லை.

எனவே அவ்வாசிரியையிடம், “அம்மா, உங்கள் குரல் எப்படியிருப்பினும் இருக்கட்டும், ஒலி எங்கே பிறக்கிறது என்பதை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்” என்றேன்.

மறுவாரம் அவர் எடுத்துக்கொண்டது நமக்கு மிகக் கடினமான இணை. பன்றியைக் குறிக்கும் சொல்லையும் பெரியது என்னும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பிக்’ என்றே வரும். நம் பகரம் ஓர் எழுத்தே. ‘படம்’ என்பதில் ஓரொலி, ‘தம்பி’ என்பதில் வேறோர் ஒலி. இடம் நோக்கித் தானே மாறுவதால் நாம் அதனை உணர்வதில்லை. மேலும், ஆங்கிலேயர் சொல்லின் முதலில் வல்லொலியைச் சொல்லும்போது வாயிலிருந்து மூச்சு வெடித்து வரும். நம் பகரத்தில் அம்மூச்சு இல்லை. அதனால் நாம் பன்றி என்றாலும் அவர் செவியில் ‘பெரியது’ என்றே விழக்கூடும்.

ஆசிரியை மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பழைய நாளிதழைக் கீற்றாகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தார். அதை உதட்டின் முன் ஒரு விரற்கடை தூரத்தில் தொங்கவிட்டுப் பன்றியைச் சொன்னால் கீற்று துள்ள வேண்டும். பெரியதைச் சொன்னால் பெரிதும் அசையாது நிற்க வேண்டும். முதலில் அவரே செய்துகாட்டினார். முதன்முறை அவருடைய கீற்றும் துள்ளவில்லை. பிள்ளைகள் சிரித்தனர், அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு மீண்டும் சொன்னார். சிறிது நேரத்தில் முப்பது கீற்றுகளும் துள்ளத் தொடங்கின. வழக்கமாகக் கடைசி வரிசையில் வாய் திறவாதிருக்கும் சிறுவன் ஒருவன், மணி அடித்த பின்னும் கீற்றைக் கீழே வைக்காமல், பன்றி பன்றியாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குச் சென்றான்.